பேட்டரி மேல் போட்ட பழி

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு ‘டக்’. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, எதுவுமே நடக்காததுபோல எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். 14 வருடம் ஓடி, 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிய ஒரு காரை வாங்கிய மூன்றாவது மாதம் எனக்கு இந்த வியாதி வந்தது. எனக்கு என்றால் காருக்கு. அந்த நாட்களில் இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

‘டக்’ என்றால் பேட்டரி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு வாரம்தான் என்னைக் கெடுத்தது. “பார்த்தாயா, கண்டுபிடித்துவிட்டேன்” என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். எட்டாம் நாள் மறுபடி ‘டக்’.

சரி, பேட்டரி இல்லையென்றால் எஞ்சினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டார்தான் என்று அடுத்த முடிவு. அதைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. மேல் போல்ட் இருந்த இடத்தில் கை நுழையும், ஸ்பானரும் நுழையும், இரண்டும் சேர்ந்து நுழையாது. முழங்கைவரை சிராய்ப்போடு வேறொரு மோட்டாரை மாட்டி முடித்தேன். பத்து நாள் ஓடியது. வேலை செய்யும்போது கேபிள்களை அப்படியும் இப்படியும் அசைத்ததால் கிடைத்த பத்து நாள் அது என்பது பிறகுதான் புரிந்தது. பதினோராம் நாள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரை மாற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பேச வாய்த்தது. நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிச்சுப் பாத்தியா தம்பி? லைட்டு மங்குதா?”

“மங்கலை அண்ணே. அப்படியேதான் எரியுது.”

“அப்ப பேட்டரியை ஏன் திட்டுற? கரண்ட் அங்க போயே சேரலை. எர்த்தைப் பாரு.”

கேள்வி எவ்வளவு எளிமை பாருங்கள். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் அந்த இழுப்பில் ஹெட்லைட் சுருண்டு மஞ்சளாகிவிடும். மங்காமல் எரிகிறது என்றால் அந்த இழுப்பே நடக்கவில்லை. மோட்டார் கெட்டிருக்க வேண்டும், அல்லது அதற்குப் போகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்க வேண்டும். மோட்டாரைத்தான் மாற்றியாகிவிட்டதே. மிச்சம் எர்த்: மோட்டாரிலிருந்து மின்சாரம் எஞ்சின், பாடி உலோகம் வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிற வழி.

அன்று மாலை ஒரு சாதாரண மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரிக்கு அதுதான் கணக்கு. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பேட்டரி முனைகளிலேயே பார்த்தேன்: 11.8. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆக, பேட்டரி நிரபராதி. அடுத்து மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னேன். இரண்டும் ஒரே எர்த்தாக இருந்தால் நடுவில் ஏறக்குறைய ஒன்றும் காட்டக்கூடாது. 0.2 வோல்ட்வரை மன்னிக்கலாம். எனக்குக் காட்டியது 4.1.

மோட்டாருக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒரு கெட்ட இணைப்பு வழியிலேயே தின்றுகொண்டிருந்தது.

அந்த இணைப்பைத் தேடிக் காருக்கு அடியில் போனேன். எஞ்சின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே மின்சாரம் போக ஒரு தனி கேபிள் வேண்டும். என் காரில் அது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து சேசிஸுக்கு, அதாவது பாடியின் சட்டத்துக்கு, வந்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது, கறுப்பு ரப்பர் உறை. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முனையைப் பிடித்து லேசாக வளைத்தபோது உறைக்குள் ‘கரகர’ என்று மணல்போல ஏதோ நொறுங்கியது. கத்தியால் உறையைக் கீறினேன். உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. அதற்கு நடுவே நாலைந்து இழைகள் மட்டும் உயிரோடு இருந்தன. போல்ட்டுக்கு அடியில் இருந்த வாஷர் துருவில் சேசிஸோடு ஒட்டியே போயிருந்தது.

புதுக் கேபிள் போடுவது அரை மணி வேலை. ஆனால் அந்த அரை மணியில் பெரும்பகுதி தேய்ப்பதுதான். உப்புத்தாளால் சேசிஸையும் கியர்பாக்ஸ் முகத்தையும் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்தேன். பெயின்ட் மேல் எர்த் பிடிக்காது, துரு மேலும் பிடிக்காது. பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு வெளிப்பக்கம் மட்டும் கிரீஸ் தடவினேன், ஈரம் புகாமல் இருக்க. மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். சாவியைத் திருப்பினால் எஞ்சின் துள்ளி எழுந்தது. வாங்கிய நாளிலிருந்து அது அப்படி எழுந்ததே இல்லை. நான்தான் பழைய கார் என்றால் இப்படித்தான் சோம்பலாக எழும் என்று நினைத்திருந்தேன்.

அதோடு வேறு இரண்டு விஷயங்களும் சரியாயின. முன்பு எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.1 வோல்ட்தான் காட்டும். இப்போது 14.2. ஆல்டர்னேட்டரும் எஞ்சினில்தானே மாட்டியிருக்கிறது, அதற்கும் அதே எர்த்துதான். நல்ல ஆல்டர்னேட்டரைத் தூக்கி எறிய இருந்தேன்! இரண்டாவது விஷயம் இன்னும் வினோதம். சில நாட்களாக ஆக்ஸிலரேட்டர் கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. செல்ஃப் பலமுறை அடித்த பிறகு தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கும். எர்த் வழி அடைபட்டதால் மின்சாரம் எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியே போகப் பார்த்திருக்கிறது. அந்தக் கேபிளின் உள்ளுறை லேசாக உருகியிருந்தது. அதையும் மாற்ற வேண்டிவந்தது.

மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக எஞ்சினின் கனமான உலோகப் பகுதி ஒன்றில் மாட்டுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கேபிள் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உடனே ஸ்டார்ட் ஆனால் திருடன் எர்த்துதான். எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றும் மிச்சமாகியிருக்கும்.

இதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது: அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்றுவதில்லை. சொல்வது எளிது. அடுத்த வருடமே அதை மீற இருந்தேன்.

டாஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிந்தது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓபிடி, அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஏற்பாடு, கட்டாயம் என்பதால், ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கிற அந்த 16 ஊசி சாக்கெட் இன்று பெரும்பாலான பழைய கார்களிலும் இருக்கிறது. கையளவு ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். தேடிப் பார்த்தால் பாதிப் பேர் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை அது. காற்று அதிகம் என்று சொன்னதே அந்த சென்சார்தானே.

அதே ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்று ஓர் எண் ஓடும். கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று அது சொல்லும். 10 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. எனக்கு ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 22. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 6. இந்த இறக்கம்தான் துப்பு. சின்ன ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே வந்தால், எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும் ஐட்லிங்கில் அது பெரிதாகத் தெரியும். எஞ்சின் நிறைய காற்று இழுக்கும்போது அதே திருட்டு கணக்கில் கரைந்துவிடும். பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்தால் நேர்மாறாக, வேகத்தில்தான் எண் ஏறும்.

ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் வளைந்துபோகிற ஒரு குட்டைக் குழாயை நசுக்கியதும் ஐட்லிங் சட்டென்று அமைதியானது. கழற்றிப் பார்த்தால் கண்ணில் படாத கீழ்ப்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. இருப்பதிலேயே மலிவான உதிரிபாகம் அதுவாகத்தான் இருக்கும். (சிலர் கசிவைத் தேட கார்புரேட்டர் கிளீனரை எஞ்சின்மேல் அடிப்பார்கள். கண்டுபிடித்துவிடலாம்தான். சூடான எஞ்சின்மேல் தீப்பிடிக்கிற எதையும் தெளிக்க எனக்குத் தைரியமில்லை.)

இவையெல்லாம் நான் கெட்டிக்காரனாக இருந்த கதைகள். முட்டாளாக இருந்த கதையையும் சொல்ல வேண்டும்.

ஆயில் மாற்றுவது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற வேலை. அதிலேயே இரண்டு தவறு செய்தேன். முதல் தவறு, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பின் வடிகால் போல்ட். இறுகிவிட்டது என்று கை சொல்கிறது. ஆனால் மனது ‘இன்னும் கொஞ்சம்’ என்கிறது, ஒழுகினால் என்ன செய்வது என்ற பயம். நீளமான ஸ்பானரில் உடம்பின் எடையைப் போட்டேன். ஒரு நொடி, கை வெண்ணெயில் இறங்கியதுபோல லேசானது. அலுமினியத்தின் மரை போய்விட்டது. அந்த உணர்வு அனுபவித்தவர்களுக்குத் தெரியும், வயிற்றில் ஏதோ நழுவும். பெரும்பாலான கார்களில் அந்த போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும், ஒரு கையின் மணிக்கட்டு வேலை. இறுக்கத்தைத் தருவது போல்ட்டின் பலம் மட்டுமில்லை, அடியில் இருக்கிற செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கி அடைப்பதும்தான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் புது வாஷர். அன்றைக்கு மறுமரை போட ஆள் தேட வேண்டியதாயிற்று. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கியது அதற்கு மறுநாள்.

இரண்டாவது தவறு இன்னொரு முறை. பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. அதன்மேலேயே புது ஃபில்டரை அதன் வளையத்தோடு மாட்டினேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நொடியில் இரண்டு வளையமும் பிதுங்கி, புது ஆயில் அத்தனையும் தரையில். உடனே அணைத்ததால் எஞ்சின் பிழைத்தது. இப்போதெல்லாம் கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதில் இருக்கிறதா என்று விரலால் தடவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுகிறவர்களுக்கும் இதே வகையில் ஒன்று: ஊற்றுகிற வாயைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வடிக்கிற வாயைத் திறங்கள். வடித்துவிட்டு, மேல் மூடி துருவில் இறுகித் திறக்காமல் போனால் கார் அங்கேயே நிற்கும். இதை நல்லவேளையாக யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

துருப்பிடித்த போல்ட்களோடு மல்லுக்கட்ட அவசரம் ஆகாது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். காலையில் முதலில் நூலளவு இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுவேன். சாக்கெட்டில் பன்னிரண்டு முனை வேண்டாம், ஆறு முனைதான். பன்னிரண்டு முனை போல்ட்டின் மூலைகளை மட்டும் பிடிப்பதால் சீக்கிரம் வழுக்கி உருட்டிவிடும். ஜப்பானியக் கார் என்றால் இன்னொரு வம்பு: சாதாரண பிளஸ் திருகு மாதிரியே தெரிவது பல நேரம் ஜேஐஎஸ் என்ற கொஞ்சம் வேறுபட்ட வடிவம். நம் பிளஸ் ஸ்க்ரூடிரைவர் அதிலிருந்து நழுவி வெளியே வரும், தலையைத் தேய்த்துவிடும். திருகைத் திட்டிக்கொண்டே இருந்தேன், பல மாதம்.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டதும் பொறி பறக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் எனக்கு உதவியவை சிலதான். போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிவைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் சொல்லும் கதை உங்களுக்குக் கிடைக்காது. என் காரை நான் பார்க்கப் போனபோது பானெட் சூடாகத்தான் இருந்தது. சந்தேகப்படவில்லை. டயரின் பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-வது வாரம். என் காரில் பள்ளம் புதுசு மாதிரி இருந்த டயர்களுக்கு ஒன்பது வயது. பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எழுத்தில் சாட்சி இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, எஞ்சினே வீணாகும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற இடம் அது இல்லை.

டைமிங் பெல்ட் வேலையை நான் செய்வதில்லை. ஏர்பேக், ஏசி கேஸ், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் இவற்றையும் தொடுவதில்லை. அமுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் உயிரை வாங்கும். பிரேக் பேட் மாற்றுவேன், பிரேக் திரவத்தையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நானே மாற்றுகிறேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவுகோல் 155-க்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால் பெடல் காலடியில் தொப்பென்று போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால்தான் யாரும் மாற்றுவதில்லை.

ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஒருமுறை நான் சக்கரத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தபோது ஜாக்கி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. யாரும் தொடவில்லை. எண்ணெய் மெதுவாகக் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து காரைத் தாங்கும் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போவதில்லை. கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்கப்போட்டுவிடுகிறேன்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தேன், மீட்டர் என்ன காட்டியது. பேட்டரி வோல்ட்டேஜை மாதம் ஒருமுறை எழுதிவைப்பேன். பெரிய வேலை எதையும் காலையில் தொடங்குவேன், மறுநாள் காரில் போக வேண்டிய தேவை இருந்தால் தொடங்கவே மாட்டேன். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுப்பேன். போல்ட்களை ஓர் அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைப்பேன். இதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒரே மாதிரி தெரிகிற போல்ட்களில் ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். அதை மாற்றிப் போட்டால் எதன் உள்ளே போய்க் குத்தும் என்று யாருக்குத் தெரியும்.

கழற்றிய பழைய செல்ஃப் மோட்டாரைத் தூக்கிப் போட மனமில்லாமல் பரணில் வைத்திருந்தேன். போன மாதம் சும்மா எடுத்துத் துடைத்து, தரையில் வைத்துக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜம்பர் கேபிளால் நேராக பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தேன். ஒரு உதறு உதறி, பல்சக்கரம் வெளியே பாய்ந்து ‘விர்’ரென்று சுற்றியது. அதற்கு ஒரு குறையும் இல்லை. துணியில் சுற்றி மறுபடி பரணில் ஏற்றிவிட்டு, நோட்டில் ‘பழைய செல்ஃப், நல்லது’ என்று எழுதி வைத்தேன்.